பிழைப்பாக நடித்த பிள்ளைகளும் விளையாட்டாக நடிக்கும் பிள்ளைகளும்



நாடகத்தைப் பற்றி ஆண்டுதோறும் ஒரு சொற்பொழிவு என்றால் கூத்து, இசை நாடகம், சபா நாடகம், நவீன நாடகம் என்று பெரிய பொருள்கள்தான் நினைவுக்கு வரும். நான் பேசப்போவது எட்டு வயதிலிருந்து பதினான்கு வயது வரையுள்ள பிள்ளைகள் சனிக்கிழமை சாயங்காலம் ஒன்றாகக் கூடி நாடகம் போடுவதைப் பற்றி. பரிசு இல்லை, மதிப்பெண் இல்லை, சம்பளமும் இல்லை. பிடித்திருக்கிறது, வருகிறார்கள். தலைப்பைச் சொன்னபோது ஏற்பாட்டாளர்கள் சற்றே யோசித்தார்கள். பிறகு பெரிய மனதோடு சம்மதித்தார்கள்.

தமிழ் மேடையின் வரலாற்றில் எனக்கு விசித்திரமாகப் படும் ஒன்று உண்டு. இங்கே பெரியவர்கள் பொழுதுபோக்காக நடித்தார்கள். பிள்ளைகள் வயிற்றுப்பாட்டுக்காக நடித்தார்கள்.

1891ஆம் ஆண்டு சென்னையில் பம்மல் சம்பந்த முதலியார் நண்பர்களோடு சேர்ந்து சுகுண விலாச சபையைத் தொடங்கினார். அப்போது அவருக்கு வயது 18. பெல்லாரியிலிருந்து வந்த தெலுங்கு நாடகக் குழுவின் நாடகங்களைப் பார்த்த பிறகுதான் அந்த ஆசை வந்தது என்று அவரே எழுதிவைத்திருக்கிறார். சபையில் சேர்ந்தவர்கள் படித்தவர்கள், வக்கீல்கள், உத்தியோகஸ்தர்கள். பகலில் கோர்ட்டும் கச்சேரியும், மாலையில் ஒத்திகை. காங்கிரஸ் தலைவர் சத்தியமூர்த்தி அந்தச் சபையின் மேடையில் வேஷம் கட்டியவர். ஒருவரும் காசு வாங்கவில்லை. கூத்தாடி என்று ஊர் ஏசிய காலத்தில், கௌரவமான மனிதர்களும் நடிக்கலாம் என்று காட்டியது அந்த அமெச்சூர் சபைதான்.

அந்தச் சபை நடந்துகொண்டிருந்த காலத்திலேயே தெற்கே இன்னொன்று நடந்தது. பெரிய நடிகர்களை வைத்துக் கம்பெனி நடத்துவது நாடகாசிரியர் சங்கரதாஸ் சுவாமிகளுக்குச் சலித்துப்போயிற்று. எழுதிக்கொடுத்த வசனத்தை விட்டுவிட்டு வாய்க்கு வந்ததைப் பேசுவார்கள், மேடையிலேயே ஒருவரை ஒருவர் மட்டம் தட்டுவார்கள். சொன்ன சொல் கேட்கும் பிள்ளைகளை வைத்து நடத்தலாம் என்று முடிவு செய்தார். 1918இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபை உருவாயிற்று. அந்த ஆண்டு அதில் சேர்ந்த ஒரு பையனுக்கு வயது ஆறு. தந்தை கண்ணுசாமிப் பிள்ளையும் நடிகர். அந்தப் பையன்தான் பின்னாளில் ஔவை சண்முகம் என்று நாம் கொண்டாடிய டி.கே. சண்முகம். அவனுக்காகவே சுவாமிகள் 'அபிமன்யு சுந்தரி' நாடகத்தை ஒரே இரவில் எழுதி முடித்தார் என்பது நாடக உலகம் இன்றும் வியந்து சொல்லும் செய்தி.

பாலர் நாடக சபை, பாய்ஸ் கம்பெனி என்று எந்தப் பெயரில் சொன்னாலும் நடைமுறை ஒன்றுதான். பிள்ளை கம்பெனி வீட்டில் தங்குவான். விடிந்ததும் பாட்டுப் பாடம், பிறகு வசனப் பாடம், இரவில் நாடகம். சாப்பாடு கம்பெனியுடையது. சம்பளம் என்று ஏதாவது இருந்தால் அது வீட்டுக்குப் போகும். வாத்தியார் கையில் பிரம்பு இருக்கும். பள்ளிக்கூடப் படிப்பு பெரும்பாலும் அத்தோடு சரி. எம்.ஜி.ஆர்., எம்.ஆர். ராதா, என்.எஸ். கிருஷ்ணன், சிவாஜி கணேசன் எல்லோரும் இந்த வாசல் வழியாக வந்தவர்கள்தான். சிவாஜி, தான் ஓர் அநாதை என்று பொய் சொல்லிக் கம்பெனியில் சேர்ந்ததாகத் தம் வரலாற்றில் சொல்லியிருக்கிறார். முதலில் கட்டிய வேஷம் சீதை.

இந்தப் பெயர்களைக் கேட்டவுடன் நமக்கு ஒரு பெருமிதம் வந்துவிடுகிறது. 'அந்தக் காலத்துப் பயிற்சி வருமா' என்கிறோம். வராது, வரவும் வேண்டாம். நாம் பெயர் சொல்லும் பத்துப் பேருக்குப் பின்னால் பெயர் தெரியாமல் போன பிள்ளைகள் எத்தனையோ பேர். ஸ்திரீபார்ட் கட்டிக்கொண்டிருந்த பையனுக்குத் திடீரென்று மகரக்கட்டு வந்து குரல் உடையும். அதுவரை அவன் பாட்டுக்குக் கைதட்டிய கொட்டகையில் அவனுக்கு வேலை இருக்காது. படிப்பும் இல்லை, குரலும் இல்லை. அவனைப் பற்றி யாரும் அறக்கட்டளைச் சொற்பொழிவு நிகழ்த்துவதில்லை.

இன்று சட்டம் காவல் நிற்கிறது. குழந்தைத் தொழிலாளர் சட்டத்துக்கு 2016இல் வந்த திருத்தம், பதினான்கு வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள் நடிப்பதற்கு விலக்குக் கொடுத்திருக்கிறது. 2017இல் வந்த விதிகள் அதற்கும் வேலி போட்டிருக்கின்றன. மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும். ஒரு நாளில் 5 மணி நேரத்துக்கு மேல் கூடாது. ஓய்வில்லாமல் 3 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. வருமானத்தில் குறைந்தது 20 சதவீதம் பிள்ளையின் பெயரில் வங்கியில் இருக்க வேண்டும். தொலைக்காட்சியில் பெரியவர்கள் பேசும் இரட்டை அர்த்தத்தைப் பிள்ளை பேச, நடுவர்கள் விழுந்து விழுந்து சிரிக்கிறார்களே, அதற்கு எந்த விதி என்று எனக்குத் தெரியவில்லை. அது போகட்டும்.

கம்பெனி போய்விட்டது; கம்பெனியின் அச்சு மட்டும் நம் பள்ளிக்கூட ஆண்டுவிழாவில் பத்திரமாக இருக்கிறது. பெரியவர் ஒருவர் எழுதுவார், பெரியவர் ஒருவர் சொல்லிக்கொடுப்பார், பிள்ளை மனப்பாடம் செய்து ஒப்பிக்கும். இப்போது அதற்கும் கீழே இறங்கிவிட்டோம். வசனத்தை ஸ்டூடியோவில் பதிவு செய்து ஸ்பீக்கரில் ஓடவிடுகிறார்கள். பிள்ளைகள் மேடையில் வாயசைக்கிறார்கள். ஒரு பள்ளியில் நான் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தேன். கட்டபொம்மன் வேஷத்தில் ஒரு பையன். மையால் முறுக்கிய மீசை, அட்டை வாள், மினுமினுக்கும் சட்டை. நாற்பது வயது ஆளின் கர்ஜனை ஸ்பீக்கரிலிருந்து வருகிறது, பையன் விரலை நீட்டி நீட்டி வாயசைக்கிறான். நடுவில் பென் டிரைவ் சிக்கிக்கொண்டது. சத்தம் நின்றது. பையன் நீட்டிய விரலோடு நின்றான். அடுத்த வரி அவனுக்குத் தெரியாது. அந்த வரியை அவன் ஒருநாளும் பேசியதே இல்லை. எதிரே ஜாக்சன் துரையாக நின்ற பையன் மெதுவாக, 'டேய், நீ ஏதாச்சும் பேசு, நான் பதில் சொல்றேன்' என்றான். மைக்கில் விழுந்துவிட்டது, சபை சிரித்தது. அன்றைய விழாவில் நாடகம் என்று சொல்லத்தக்கது அந்த ஒரு வரிதான் என்று நினைக்கிறேன்.

அந்த ஜாக்சன் துரைக்காகத்தான் நாடகக் குழு வேண்டும் என்கிறேன்.

குழுவில் என்ன நடக்கிறது என்று பலருக்குத் தெரியாது. பெற்றோர் வாசலில் விட்டுவிட்டு வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விடுகிறார்கள். நான் அரசுப் பள்ளியில் தமிழாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். மதுரையில் ஒரு நூலகத்தின் மாடியில் நாங்கள் கூடுகிறோம். பாய், ஒரு கரும்பலகை, இரண்டு மின்விசிறி. அதில் ஒன்றுதான் சுற்றும். சேர்ந்து பல வாரங்கள் வரை யார் கையிலும் வசனக் காகிதம் கொடுப்பதில்லை. விளையாட்டுதான். இருவர் எதிரெதிரே நின்று, ஒருவர் செய்வதை மற்றவர் கண்ணாடிபோல் அப்படியே செய்வது. கண்ணைக் கட்டிக்கொண்டு குரலை மட்டும் வைத்து நண்பனைத் தேடுவது. இல்லாத பொருளைக் கையில் எடுத்துப் புழங்குவது.

இந்தக் கடைசி விளையாட்டைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஒரு பெண், இடுப்பில் குடம் இருப்பதாக வைத்து நடந்து வந்தாள். குடம் இல்லை. ஆனால் இடுப்பு ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறது, எதிர்ப்பக்கத்துக் கை விரிந்திருக்கிறது, நடையில் தண்ணீர் தளும்புகிறது. கூடத்தின் நடுவில் குனிந்து இறக்கி வைத்துவிட்டுப் போய் உட்கார்ந்தாள். அடுத்தவன் எழுந்து, தன் விளையாட்டுக்காக அந்த இடத்தின் வழியே நேராக நடந்தான். அவ்வளவுதான், 'டேய் குடத்த மிதிச்சுட்டடா' என்று மொத்தக் கூடமும் கத்தியது. அவனும் சட்டென்று ஒற்றைக் காலைத் தூக்கிக்கொண்டு நின்றுவிட்டான். அவன் காலிலிருந்து தண்ணீர் சொட்டுவதை நானும் பார்த்தேன்.

இருபது பிள்ளைகள் சேர்ந்து, இல்லாத ஒரு குடத்தை இருப்பதாக ஒப்புக்கொள்கிறார்கள். ஒருவர் வைத்ததை மற்றவர் மதிக்கிறார். நடிப்புப் பயிற்சியில் இதற்குமேல் உள்ளதெல்லாம் இதன் விரிவுதான். பெரிய நடிகர்களுக்கான பயிற்சி என்று இன்று உலகெங்கும் சொல்லிக்கொடுக்கும் விளையாட்டுகள் பல, பிள்ளைகளிடமிருந்து வந்தவை. அமெரிக்காவின் சிகாகோவில் குடியேறிய ஏழைக் குடும்பத்துப் பிள்ளைகளோடு விளையாட்டு வழியாகவே பழகலாம் என்று காட்டியவர் நேவா பாய்ட். அவரிடம் படித்த வயோலா ஸ்போலின், பிள்ளைகளோடும் அக்கம்பக்கத்து மக்களோடும் நாடகம் போடும்போது அந்த விளையாட்டுகளை மேடைக்கேற்ப வளர்த்தார். 1963இல் அவற்றைப் புத்தகமாக்கினார். அவர் மகன் பால் சில்ஸ் அதே விளையாட்டுகளைக் கையில் வைத்துக்கொண்டு 1959இல் நண்பர்களோடு தொடங்கிய 'செகண்ட் சிட்டி' குழு, அமெரிக்காவின் எத்தனையோ நகைச்சுவை நடிகர்களுக்குத் தாய்வீடு ஆயிற்று. வேர் என்னவோ தெருப் பிள்ளைகளின் விளையாட்டுதான். நம் பிள்ளைகள் சொப்பு வைத்துச் சோறு பொங்கும்போது செய்வதும் இதைத்தான். நாம்தான் அதற்கு ஒரு கூடமும் இரண்டு மணி நேரமும் கொடுப்பதில்லை.

மொழியைப் பற்றியும் சொல்ல வேண்டும். பாயில் உட்கார்ந்திருக்கும்போது 'அங்கிட்டுப் போடா' என்கிற பையன், நடிக்க எழுந்தவுடன் 'நீ அங்கே செல்வாயாக' என்கிறான். வீட்டில் பேசுவது மேடைக்கு ஆகாது என்று எங்கேயோ கற்றுக்கொண்டிருக்கிறான். இதை உடைப்பதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிடுகிறது. செந்தமிழ் வசனம் எனக்குப் பிடிக்கும். தமிழாசிரியைக்குப் பிடிக்காமல் இருக்குமா? ஆனால் தன் வாய்மொழியில் ஒருமுறையாவது கோபப்பட்டு, கெஞ்சி, பொய் சொல்லிப் பார்க்காத பிள்ளைக்குச் செய்யுளைக் கொடுத்தால் அது ஒப்பிக்கத்தான் செய்யும்.

அடுத்தது வேஷம். 'என் பிள்ளைக்கு எத்தனை வசனம்?' என்று கேட்காத பெற்றோரை நான் பார்த்ததில்லை. எண்ணியே பார்க்கிறார்கள். ராஜபார்ட்டை நடுவில் வைத்து எழுதிய நாடகங்களை எடுத்தால் இந்தச் சண்டை தீராது. இதற்கு வழி காட்டியவர்கள் ஈழத்து நாடகக்காரர்கள். யாழ்ப்பாணத்தில் 1978இல் நாடக அரங்கக் கல்லூரியைத் தொடங்கிய குழந்தை ம. சண்முகலிங்கம் பிள்ளைகளுக்காக எழுதிய 'கூடி விளையாடு பாப்பா', சி. மௌனகுருவின் 'தப்பி வந்த தாடி ஆடு' ஆகியவை அங்கே பள்ளிப் பிள்ளைகள் ஆடிப் பாடி வளர்ந்த நாடகங்கள். ஆட்டமும் பாட்டும் கூட்டமும் சேர்ந்தது. ஆடுகூடப் பேசும். தனியொருவன் வீரத்தில் கதை நிற்பதில்லை, கூட்டம்தான் கதையைத் தள்ளிக்கொண்டு போகிறது. போர் நடந்த மண்ணில், இடம்பெயர்ந்த பிள்ளைகளின் மனக்காயத்துக்கு அரங்கையே மருந்தாக்கப் பாடுபட்டவர் க. சிதம்பரநாதன். இலங்கையில் 'நாடகமும் அரங்கியலும்' பள்ளியில் எடுத்துப் படித்து, தேர்வு எழுதக்கூடிய பாடம். நாம் முத்தமிழ் என்று மூச்சுக்கு முந்நூறு தடவை சொல்கிறோம். மூன்றாவது தமிழைப் பள்ளிக் கால அட்டவணையில் தேடிப் பாருங்கள்.

கர்நாடகத்தைப் பார்த்தும் எனக்குப் பொறாமை உண்டு. பெங்களூரில் பிரேமா காரந்த் 1979இல் பெனகா மக்கள நாடக கேந்திரத்தைத் தொடங்கி, பிள்ளைகளையே நடிக்க வைத்துப் பெரிய அரங்குகளில் நாடகம் போட்டார். மைசூரில் ரங்காயணா கோடை விடுமுறையில் நடத்தும் 'சின்னர மேள'வுக்குப் பிள்ளைகளைச் சேர்க்கப் பெற்றோர் முண்டியடிக்கிறார்கள். நம் பக்கம் ஒன்றுமே இல்லை என்று சொன்னால் பாவம். புதுச்சேரியில் வேலு சரவணன் 'ஆழி' குழந்தைகள் நாடகக் குழுவை வைத்துக்கொண்டு ஊர் ஊராக, பள்ளி பள்ளியாகப் போயிருக்கிறார். அவருடைய 'கடல் பூதம்' பார்த்த பிள்ளைகள் இன்று பிள்ளை பெற்றவர்கள். கோமாளியாக வந்து நின்றாரானால் பார்க்கிற பிள்ளைகளையும் கதைக்குள் இழுத்துப் போட்டுக்கொள்வார். சென்னையில் ஆயிஷா ராவ் 1991இல் தொடங்கிய 'தி லிட்டில் தியேட்டர்' ஆங்கிலத்தில் நாடகம் போட்டுவருகிறது. 2022இலிருந்து அரசுப் பள்ளிகளில் கலைத் திருவிழா நடக்கிறது. கிராமத்துப் பிள்ளை மாநில மேடை வரை வருவது சாதாரண விஷயமில்லை, வரவேற்கிறேன். ஆனால் அது போட்டி. போட்டிக்கு நன்றாக நடிக்கிற பிள்ளையைத்தான் அனுப்புவார்கள். சுமாராக நடிக்கிற, ஆனால் நடிக்க ஆசைப்படுகிற பிள்ளை எங்கே போகும்?

இந்தச் சுமாரான பிள்ளைக்கு நான் வக்காலத்து வாங்குகிறேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள். சதுரங்க வகுப்பில் சேர்ந்தவன் அடுத்த விசுவநாதன் ஆனந்த் ஆக வேண்டும், நீச்சலில் சேர்ந்தவள் பதக்கம் வாங்க வேண்டும் என்று பழகிவிட்டோம். சுகுண விலாச சபையில் சேர்ந்த வக்கீல்களில் எத்தனை பேர் நல்ல நடிகர்கள்? பலர் சுமார்தான். யாரும் அவர்களிடம் 'இதனால் என்ன பயன்' என்று கேட்கவில்லை. வளர்ந்த மனிதருக்குக் கொடுத்த அந்தச் சலுகையைப் பத்து வயதுப் பிள்ளைக்குக் கொடுக்க நமக்கு மனம் வரவில்லை. அதனால்தான் நாடகப் பயிற்சி நடத்துகிறவர்களும் 'ஆளுமை வளர்ச்சி', 'மேடைக் கூச்சம் போக்கும்', 'தலைமைப் பண்பு' என்று நோட்டீஸ் அடிக்க வேண்டியிருக்கிறது. அடிக்காவிட்டால் கட்டணம் வராது. அவர்களைக் குறை சொல்லவில்லை.

ஆனால் அந்த நோட்டீஸை நம்பாதீர்கள். எங்கள் குழுவுக்கு ஒரு சிறுமி வந்தாள். பேசவே மாட்டாள். அம்மா அதற்காகத்தான் சேர்த்தார். சில வருஷம் விடாமல் வந்தாள். கடைசி வரை மேடையில் ஒரு வார்த்தை பேசவில்லை. படுதா இழுப்பது அவள் வேலை என்று அவளே எடுத்துக்கொண்டாள். எந்த வசனத்தில் இழுக்க வேண்டும், எவ்வளவு வேகத்தில் இழுக்க வேண்டும் என்று அவளுக்குத் தெரிந்ததுபோல் எனக்குத் தெரியாது. சோகக் காட்சிக்கு மெதுவாகவும் சிரிப்புக் காட்சிக்குப் பட்டென்றும் இழுப்பாள். யாராவது வசனம் மறந்தால் பக்கவாட்டிலிருந்து உதட்டை மட்டும் அசைத்து எடுத்துக்கொடுப்பாள். 'படுதா இழுக்கவா டீச்சர் இவளை அனுப்பினேன்' என்று அம்மா கேட்டார். கூச்சம் போகவில்லை என்பது உண்மை. கூச்சத்தோடேயே அவளுக்கு அங்கே ஓர் இடம் இருந்தது என்பதும் உண்மை. இரண்டாவதை அந்த அம்மாவுக்கு என்னால் சரியாக விளக்க முடிந்ததா என்று தெரியவில்லை. அவளைத் தொடர்ந்து அனுப்பினார், அது போதும்.

பெற்றோர் கேட்கும் மற்றக் கேள்விகளுக்குச் சுருக்கமாகப் பதில் சொல்லிவிடுகிறேன். சினிமா வாய்ப்புக் கிடைக்குமா? குழு அதற்கு வழி அல்ல. அந்த ஆசையில் சேர்க்க வேண்டாம். படிப்புக் கெடுமா? வாரத்துக்கு இரண்டு மணி நேரத்தில் கெடுகிற படிப்பு நாடகத்தால் கெட்டதல்ல. எந்தக் குழுவில் சேர்ப்பது? போய் ஓர் ஒத்திகையைப் பாருங்கள். பெற்றோர் பார்க்கக் கூடாது என்றால் சேர்க்காதீர்கள். சொல்லிக்கொடுப்பவரே எல்லா வேஷத்தையும் நடித்துக் காட்டி 'இப்படிச் செய்' என்றால் யோசியுங்கள். அழவைத்து அழுகையை வரவழைக்கிறார் என்றால் பிள்ளையைக் கையோடு கூட்டிக்கொண்டு வந்துவிடுங்கள். நன்றாக நடக்கும் ஒத்திகையில் சத்தம் அதிகமாக இருக்கும். பெரியவர் குரல் குறைவாகக் கேட்கும்.

நடத்த நினைக்கும் ஆசிரியர்களுக்கும் ஒரு வார்த்தை. அரங்கம், ஒலி, ஒளி, உடை என்று பட்ஜெட் போட்டுப் பயந்துவிடாதீர்கள். வகுப்பறையில் பெஞ்சைச் சுவரோரம் தள்ளினால் இடம் கிடைத்துவிடும். வேட்டி இரண்டு இருந்தால் கடல், காடு, குதிரை, ராஜாவின் அங்கி எல்லாம் வந்துவிடும். மேடையேற்றம் ஆண்டுக்கு ஒன்று போதும். அதையும் தெருக்காரர்களையும் பாட்டி தாத்தாக்களையும் மட்டும் கூப்பிட்டு வையுங்கள். சிறப்பு விருந்தினர் வந்தால் அவர் பேச்சுக்காகப் பிள்ளைகள் அரிதாரத்தோடு வியர்த்துக்கொண்டு நிற்க வேண்டும். சிறப்பு விருந்தினராகப் போயிருக்கிறேன், அதனால் சொல்கிறேன்.

பெரிய சிக்கல் ஒன்பதாம் வகுப்பில் வருகிறது. அதுவரை ஒழுங்காக வந்த பிள்ளைகள் ஒவ்வொருவராக நின்றுவிடுவார்கள். சனி, ஞாயிறு இரண்டு நாளும் டியூஷன். சொல்லிக்கொண்டு நிற்பவர்கள் கொஞ்சம், சொல்லாமல் நிற்பவர்கள்தான் அதிகம். அந்த வயதில்தான் பிள்ளை யோசிக்கவும் எதிர்த்துப் பேசவும் ஆரம்பிக்கிறது. நாடகத்துக்கு வேண்டியதும் அதுதான். இதற்கு முழுத் தீர்வு என்னிடம் இல்லை. நாங்கள் செய்வது ஒன்றுண்டு. பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வேஷம் கொடுப்பதில்லை, வேலை கொடுக்கிறோம். லைட் போடுவது, பாட்டுக்குத் தாளம் பிடிப்பது, சின்னப் பிள்ளைகளுக்கு வசனம் கேட்பது. அரை மணி நேரம் வந்தாலும் சரிதான் என்று சொல்லிவைத்திருக்கிறோம். டியூஷன் பையைத் தோளில் மாட்டிக்கொண்டே வருகிறார்கள், பாயில் உட்காராமல் கதவோரம் நின்று சிறிசுகளை அதட்டிவிட்டுப் போகிறார்கள். வரும் ஜூனில் புதுப் பிள்ளைகளைச் சேர்க்கும்போது முதல் நாள் விளையாட்டை அவர்களிடமே ஒப்படைக்கப் போகிறோம்.